ஸ்டூல் மேல் ஒரு பை

எழுதிக்கொள்ளுங்கள். காலை பத்தேகால் மணி, பன்னிரண்டு எபிசோடு, எஸ்தர் ரோஸ்லின். போலீஸ் ஸ்டேஷனில்கூட முதலில் இப்படித்தான் கேட்பார்கள், மற்றதெல்லாம் அப்புறம். அந்த போனை மூக்குக்கு நேரே நீட்டாதீர்கள், தம்பி. கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். எங்கே பிடித்தாலும் என் குரல் விழும். முப்பத்தியொரு வருஷமாக அதுதானே பிழைப்பு.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு முன்னால் நாலு பேர் வந்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு வரிதான் வேண்டும். "மேடம், கடைசி சீன்ல பேசுறீங்களே, அத ஒரு தடவ சொல்லுங்க மேடம், எங்க சேனல்ல போடணும்." சொல்ல மாட்டேன். கர்வம் என்று நினைக்காதீர்கள். அது நான் நடித்த வரியே இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்த சாலிகிராமத்து டப்பிங் ஸ்டுடியோக்களில் நான் பேசாத பையன் கிடையாது. கதாநாயகர்களின் சின்ன வயசு எல்லாம் நான். எலி, குரங்கு, பேசும் ரயில் இஞ்சின், பிஸ்கட் கேட்டு அடம்பிடிக்கிற குழந்தை, எல்லாம் நான். அடிவயிற்றிலிருந்து கத்தி, ரத்தம் கக்காத குறையாக நடித்திருக்கிறேன். ஒருத்தர் "நல்லா இருந்துச்சும்மா" என்று சொன்னதில்லை. நடிக்காமல், எரிச்சலில், வேறு ஒருத்தியிடம் சொன்ன மூன்று வார்த்தைக்கு ஊரே உட்கார்ந்து அழுகிறது. நல்ல ரசனை.

அந்தத் தொடரைக் கார்ட்டூன் என்று சொன்னால் உங்களுக்கெல்லாம் கோபம் வருகிறது. சரி, அனிமே. உங்கள் நேயர்களில் அதைப் பார்க்காத புண்ணியவான்கள் இருப்பார்கள், அவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒரு மலை ஊர். அந்த ஊருக்கு ஒரே பெட்டி உள்ள ஒரு ரயில். நாலு பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நாவோ என்று ஒரு பையன் முதல் எபிசோடிலேயே ஆற்றோடு போய்விடுகிறான். அவனுடைய கூட்டாளி டைச்சி. இவன் என்ன செய்கிறான்? நாவோ உட்காரும் ஜன்னல் சீட்டில் தன் பையை வைத்துவிட்டு, யாரையும் உட்கார விடமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான் கதை. நம்ம ஊரில் தினமும் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். யாராவது அதைப் பன்னிரண்டு எபிசோடாக எடுத்தார்களா?

பெட்டியில் கூட்டம் நிற்கிறது, தடி ஊன்றிய கிழவர் நிற்கிறார், இவன் பை மட்டும் உட்கார்ந்துகொண்டு வருகிறது. கண்டக்டர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஜப்பான்காரர்களுக்குப் பொறுமை அதிகம். நாவோவாவது செத்தவன் சும்மா இருக்கிறானா, அதுவும் இல்லை. கனவில் வந்து பேசுவான், பழைய ஞாபகத்தில் வந்து பேசுவான். கடைசி எபிசோடில் குடையோடு ஒரு சின்னப் பெண் ஏறுவாள். டைச்சி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளை உட்காரச் சொல்வான். முடிந்தது. எல்லோரும் மூக்கைச் சிந்த வேண்டியதுதான்.

டைச்சிக்கு நான். நாவோவுக்கு வசுமதி.

வசுமதியை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவள் குரல் உங்களை வளர்த்திருக்கிறது. பையன்களுக்குப் பொம்பளைகள்தான் பேசுவோம். நிஜப் பையனைக் கூட்டிவந்தால் நாலாவது எபிசோடில் குரல் உடைந்து மாமா மாதிரி பேசுவான். நானும் அவளும் ஒரே மாசம் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். அவள் அண்ணன் என்றால் நான் தம்பி, அவள் பூனை என்றால் நான் எலி. ஒரே மைக், இரண்டு ஸ்டூல். அப்படியே போய்க்கொண்டிருந்தது.

சிநேகிதியா என்று கேட்கிறீர்கள். அப்படியெல்லாம் பெரிய வார்த்தை போடாதீர்கள். கூட வேலை செய்தவள். நேரத்துக்கு வரத் தெரியாது. தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து, கோடம்பாக்கத்தில் இறங்கி, அங்கே பழக்காரியிடம் பேசி, பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் மணி பத்தே முக்கால் ஆகிவிடும். பத்து மணி கால்ஷீட்டுக்கு. அதுவரை அவள் ஸ்டூலில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் இருக்க நான்தான் என் பையை அதன்மேல் வைத்திருப்பேன். க்ரவுடு, அதாவது கூட்டச் சத்தம், பேச வருகிற பிள்ளைகள் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடும், எழுப்ப முடியாது. அவள் வருவாள், மூச்சு வாங்குவாள், வாசலிலேயே ஆரம்பிப்பாள்.

"ஏய் எஸ்தர், பைய எடு. நான் எங்கடி உக்கார்றது?"

இடம் பிடித்துக் கொடுத்தவளுக்கு இதுதான் நன்றி. ஒருநாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. நானும் ஒருநாள்கூட அவள் கேட்பதற்கு முன்னால் எடுத்ததில்லை.

எட்டு எபிசோடு முடித்தோம். தீபாவளிக்கு முந்தின வாரம், புதன்கிழமை. "சனிக்கிழம வரேன்டி, தொண்டைக்கு மாத்திர வாங்கி வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை. இதயமாம். மாத்திரை இன்னும் என் பையில்தான் இருக்கிறது, தேதி முடியவில்லை.

தாம்பரத்துக்குப் போனேன். மகன் பஹ்ரைனிலிருந்து வருவதற்காக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாய் மூடியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டேன், வேறொன்றும் நினைக்கவில்லை. அழவும் இல்லை. நாலு மணிக்கு எனக்கு ஒரு பற்பசை விளம்பரம் இருந்தது. அழுதால் தொண்டை கட்டும், தொண்டை கட்டினால் யார் பேசுவது? அவள் புருஷன் என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். நான் வாயைத் திறந்து, "எஸ்தர்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "போன்ல உங்க குரல் கேட்டாலே இவ சிரிக்க ஆரம்பிச்சிருவா" என்றார். நான் கிளம்பிவிட்டேன். சொன்னேனே, நாலு மணிக்கு வேலை இருந்தது.

ஒன்பதாவது எபிசோடில் டைச்சி அழுகிற கட்டம். காலி ரயிலில் தனியாக உட்கார்ந்து அழுவான். பேசிக் கொடுத்தேன். சேனலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். டப்பிங் டைரக்டர் துரைப்பாண்டி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

"எஸ்தரம்மா, சோகம் கொஞ்சம் அதிகமா இருக்காம்."

"எவ்வளவு அதிகமாம்? கால் கிலோவா, அரை கிலோவா?"

"ஜப்பான்காரன் மெதுவா அழுறானாம்மா. நீங்க எழவு வீட்ல அழுற மாதிரி அழுறீங்களாம்."

நடிப்பு தெரியாதவர்கள் சொல்கிற பேச்சு. நான் அழவில்லை, தம்பி, நடித்தேன். கொஞ்சம் உடம்பு சரியில்லை, அதனால் நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் அவர்கள் கேட்ட மாதிரியே பேசிக் கொடுத்தேன். ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி இருந்தது. "சூப்பர்" என்று பதில் வந்தது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், நாவோவுக்கு இன்னும் நாலு எபிசோடு பாக்கி. புதிதாக ஒரு பெண்ணைப் போடலாம் என்றார் துரைப்பாண்டி. நான் கூடாது என்றேன். உணர்ச்சிவசப்பட்டு இல்லை, தரம் கெட்டுவிடும் என்பதற்காக. எட்டு எபிசோடு ஒரு குரலில் பேசிய பையன் ஒன்பதாவதில் வேறு குரலில் பேசினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? செத்தும் குரல் உடையுமா?

என் யோசனையைச் சொன்னேன். வசுமதி பேசாத வார்த்தை தமிழில் கிடையாது. எல்லாம் இந்த ஸ்டுடியோ கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. வெட்டி ஒட்டினால் நாவோ பேசிவிட்டுப் போகிறான்.

சவுண்ட் இன்ஜினியர் அஸ்லம் பாவம், நான் சொன்னால் தட்டமாட்டான். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரெகார்டிங்கை நிறுத்தவே மாட்டான். 'டேக்' சொல்வதற்கு முன்னால்தான் ஆர்ட்டிஸ்ட் ஒழுங்காக மூச்சு விடுகிறாராம், அதனால் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமாம். இரண்டு பேரும் உட்கார்ந்து அவள் பேசியதையெல்லாம் தோண்டினோம். கனவில் வந்து நாவோ சொல்லவேண்டியது இது: 'நான் எங்கேயும் போகல. நீங்க போங்க.' உருக்கமான இடம். 'நான்' கொசுவர்த்தி விளம்பரத்தில் கிடைத்தது. 'எங்கேயும் போகல' ஒரு திருட்டு நரி சொன்னது. 'நீங்க போங்க' ஓட்டுப் போடச் சொல்லி எடுத்த விளம்பரம்.

ஒட்டிப் போட்டுக் கேட்டோம். மலை, பனி, பின்னால் பியானோ. செத்துப்போன பையன் வருகிறான், சிநேகிதனைப் பார்க்கிறான், கொசுவை விரட்டுகிற உற்சாகத்தோடு 'நான்' என்கிறான். அஸ்லம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிரித்தானா என்னவோ.

"அக்கா, இது வேணாம்க்கா."

"நல்லாத்தான் இருக்கு. அனுப்பு."

"நாவோ நம்ம வீட்டு வாசல்ல வந்து எதையோ விக்கிறான்க்கா."

சேனல்காரர்களும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தார்கள். அஸ்லம் முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவைத்தான் என்பது என் சந்தேகம்.

அப்படித் தோண்டும்போது இன்னொன்றும் வந்தது. ஆறாவது எபிசோடு, வசனம் ஆரம்பிப்பதற்கு முன்னால். கதவு திறக்கிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். "ஏய் எஸ்தர், பைய எடு. நான் எங்கடி உக்கார்றது?" அஸ்லம் நிறுத்தவில்லை. அதே மாதிரி ஒவ்வொரு நாளும் ஒன்று இருந்தது, வரிசையாக. ஒன்றில் இருமிக்கொண்டே சொல்கிறாள், ஒன்றில் வாயில் கொய்யாப்பழம். நான் அஸ்லமிடம் அதையெல்லாம் அழிக்கச் சொன்னேன். வேலைக்கு ஆகாத சத்தம், இடத்தை அடைக்கும். சரி என்றான். அழித்தானா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் மோனிஷா என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரேடியோவில் இருந்தவள். குரல் பரவாயில்லை. ஆனால் வந்ததுமே என்னை "ஆன்ட்டி" என்றாள். நான் அவளில் பாதி வயசுப் பையனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன், ஆன்ட்டியாம். அதைக்கூட விடுங்கள். எப்போதும் ஒரு தொளதொள சட்டை. அடிக்கடி பாத்ரூம். ஒரு பக்க வசனம் பேசினால் மூச்சு வாங்குகிறது. சுவரில் சாய்ந்துகொள்கிறாள். வசுமதி ஐம்பத்தெட்டு வயசில் ஒரே மூச்சில் பேசுவாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்களோ.

முதல் நாள் ஸ்டூலைப் பார்த்தாள். பை இருந்தது.

"ஆன்ட்டி, இங்க யாராச்சும் வராங்களா?"

"டப்பிங் நின்னுக்கிட்டுதாம்மா பேசணும். உக்காந்தா வயிறு மடங்கும், குரல் வராது."

தொழில் சொல்லிக் கொடுத்தேன். வேறு எதுவும் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன் என்றால் எனக்கு மூட்டு வலி. பை எங்கே இருக்க வேண்டும் என்பது இத்தனை வருஷப் பழக்கம், ஒரு சின்னப் பெண் வந்தாள் என்று மாற்ற முடியுமா? மூன்று நாள் நின்றுகொண்டே பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், சொல்லக்கூடாது என்று இல்லை. 'நான் எங்கேயும் போகல' என்று அவள் சொன்னபோது துரைப்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்கும், சர்க்கரை வியாதி.

பன்னிரண்டாவது எபிசோடு. நாலாவது நாள். எல்லாம் முடிந்து டைச்சியின் அந்த ஒரு வரி மட்டும் பாக்கி. எழுத்தாளர் எழுதிக் கொடுத்திருந்தார்: 'இந்த இருக்கை காலியாகத்தான் இருக்கிறது, நீ தாராளமாக அமர்ந்துகொள்.' எம்.ஏ. படித்தவர். திரையில் அந்தப் பையன் வாயைத் திறந்து மூடுவது கொஞ்சம்தான். பிறகு பையை எடுக்கிறான், ஜன்னலைப் பார்க்கிறான், மறுபடி கொஞ்சம் வாய் அசைக்கிறான். அதற்குள் இவருடைய இருக்கையும் தாராளமும் எப்படி நுழையும்?

மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். 'காலியாதான் இருக்கு, உக்காந்துக்கோ.' வாய் மூடியபிறகு குரல் ஓடுகிறது. 'இது யாரோட சீட்டும் இல்ல.' அதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது, வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பாதியில் குரல் நின்றுவிடுகிறது. துரைப்பாண்டி சொல்கிறார், "எஸ்தரம்மா, லிப் பிரச்சினை இல்ல. நீங்க அந்த வரியச் சொல்லவே மாட்டேங்கறீங்க." எனக்கா சொல்லத் தெரியாது? எழுத்தின் கோளாறு, தம்பி. வேண்டுமானால் அந்தத் தாளைக் காட்டுகிறேன்.

மறுபடி ஓட்டு என்றேன். படம் ஓடுகிறது. ரயில் வருகிறது, குடையோடு சின்னப் பெண் ஏறுகிறாள். அந்த நேரம் பார்த்து பக்கத்தில் ஒரு சத்தம். திரும்பினால் மோனிஷா சுவரோடு சரிகிறாள். ஒரு கை சுவரில், இன்னொரு கை வயிற்றில். சட்டை இழுபட்டுத் தெரிந்தது. ஐந்து மாசம், ஆறு மாசம் இருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஸ்டுடியோவில் காவலாளிக்குத் தெரிந்திருக்கிறது, டீ கொண்டுவருகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை ஒருத்தருக்கும். இவ்வளவுதான் மரியாதை.

அவள் அந்த நிலைமையிலும் ஸ்டூலைப் பார்க்கிறாள், பையைப் பார்க்கிறாள், கேட்கிறாள்: "ஆன்ட்டி, யாராச்சும் வரணுமா?"

"யாரும் இல்ல" என்றேன்.

பையை எடுக்கப் போனேன், வார் ஸ்டூல் காலில் மாட்டிக்கொண்டது. பழைய பை, வார் நீளம். குனிந்து விடுவித்து எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் சொன்னேன்.

"உக்காரு."

அவ்வளவுதான் நடந்தது. அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். துரைப்பாண்டி உள்ளே ஓடிவந்தார். நான் திட்டினேன், பிள்ளைத்தாய்ச்சியை நிற்க வைத்து வேலை வாங்குகிறீர்களே, நீங்கள் எல்லாம் மனிதர்களா என்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஸ்லம் மட்டும் எழுந்திருக்கவில்லை. கன்சோலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மைக்கில் சொன்னான்: "அக்கா, கொஞ்சம் இதக் கேளுங்க."

ஓட்டினான். சின்னப் பெண் ஏறுகிறாள். டைச்சி வாய் திறக்கிறான்: 'யாரும் இல்ல.' பையை எடுக்கிறான், ஜன்னலைப் பார்க்கிறான். என் பை வார் ஸ்டூல் காலில் உரசுகிற சத்தம்கூட ரயில் சத்தத்தோடு சேர்ந்துபோயிருக்கிறது. வாய் மறுபடி அசைகிறது: 'உக்காரு.' அளவெடுத்துத் தைத்த மாதிரி.

நான் வேண்டாம் என்றேன். அது டைச்சி இல்லை, எஸ்தர், எரிச்சலில் பேசியது, பையன் குரல்கூட இல்லை என்றேன். "இன்னொரு டேக் போகலாம், நான் நடிச்சுத் தரேன்."

துரைப்பாண்டி வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பேக்கப்" என்று சொல்லி வேலையை முடித்துவிட்டார்.

ஜனவரியில் ஒளிபரப்பானது. அதற்கப்புறம்தான் உங்களை மாதிரி ஆட்கள். நாலாயிரம் பேர் கீழே எழுதியிருக்கிறார்களாம். ஒருத்தர், 'அந்த இரண்டு பேச்சுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தில் ஒரு வாழ்க்கை இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். மௌனம் இல்லை, ஐயா, பை வார். இன்னொரு பெண், அம்மா போனதிலிருந்து அப்பா சாப்பிடும் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் இருந்தாராம், இதைப் பார்த்தபிறகு விட்டாராம். நல்லது, நாற்காலி உட்காரத்தானே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அந்த மனிதருக்கு ஜப்பானிலிருந்து படம் வர வேண்டியிருக்கிறது பாருங்கள். சிலருக்கு எதுவும் தானாகத் தெரிவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த வரியை உங்கள் போனில் பேச மாட்டேன். பேசவும் வராது. வேண்டுமானால் அந்தக் குரங்குக் குரலில் 'வணக்கம் மக்களே' சொல்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள். அஸ்லம் கையைக் காட்டுகிறான், உள்ளே கூப்பிடுகிறார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்றா? என்ன ஆகும், ஒன்றும் ஆகவில்லை. மோனிஷாவுக்குப் பெண் பிறந்தது. வசுமதி என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை, ஏதோ வாயில் நுழையாத பெயர். ஏப்ரல் இருபத்தியொன்றாம் தேதி, திங்கட்கிழமை, பத்து மணி கால்ஷீட்டுக்குக் குழந்தையை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோது மணி பத்தே முக்கால். வந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் பை தரையில் இருந்தது.